மூன்று பக்கம் வடம் பிடித்தால்

வாசகர் கேள்விகள், டீச்சர் பதில்கள்

போன இதழில் கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றிப் பேச்சுவாக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். ஒரு வைரஸின் புரதம் செல்லுக்குள் புகுந்து, செல் இரண்டாகப் பிரிகிற வேலையையே குழப்பிவிடுகிறது என்று. அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு இருக்கும். பாதி பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் எழுதியது, மீதி வீட்டுப் பெண்கள் எழுதியது. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

டீச்சர், நான் பிளஸ் டூ படிக்கிறேன். வெங்காய வேர்நுனி ஸ்லைடு பார்த்து ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்தபோது இரண்டு முனையிலும் சென்ட்ரோசோம் போட்டேன். மிஸ் சிவப்பு மையால் அடித்துவிட்டார். பாடப் புத்தகத்துப் படத்தில் இருக்கிறதே? அப்புறம், நீங்கள் சொன்ன வைரஸ் புரதம் இந்த சென்ட்ரோசோமைத்தான் கெடுக்கிறது என்கிறார்கள். அவ்வளவு சின்னதைக் கெடுத்தால் என்ன ஆகிவிடும்?
– மாணவி, அம்பாசமுத்திரம்

உங்கள் மிஸ் செய்தது சரிதான் கண்ணு. வெங்காயத்தில் சென்ட்ரோசோம் கிடையாது. பூக்கும் தாவரங்கள் எதிலுமே கிடையாது, செல் பிரிவுக்கு வேண்டிய இழைகளை அவை வேறு வழியில் கட்டிக்கொள்கின்றன. புத்தகத்துப் படம் விலங்கு செல்லின் படம், பிராக்டிகலில் பார்ப்பது தாவர செல். பாளையங்கோட்டையில் நான் விலங்கியல் நடத்திய காலம் முழுக்க, ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் இல்லாததைப் பார்த்ததாக வரைந்து கொண்டுவருவார்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் வரை என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றும்.

சரி, விலங்கு செல்லுக்கு வருவோம். சென்ட்ரோசோம் என்பது செல்லின் உட்கருவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன முடிச்சு. அதற்குள் சென்ட்ரியோல் என்ற இரண்டு குட்டிக் குழல்கள், ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும். ஒரு குழலின் நீளம் சுமாராக ஒரு மில்லிமீட்டரை 2,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. குழலின் சுவரில் மும்மூன்றாகச் சேர்ந்த நுண்குழாய்கள், மொத்தம் 9 கட்டு. இந்த ஒழுங்கு மனுஷருக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் ஒன்றுதான்.

இதன் வேலை என்ன? ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரைப் பார்த்திருப்பாய். வடம் எல்லாம் ஒரே பக்கம் போகும். செல்லுக்குள் வடம் இரண்டு பக்கம் போகிறது. பிரிவதற்கு முன்னால் செல் தன் 46 குரோமோசோம்களையும், அதாவது மரபுச் செய்தியைச் சுமக்கும் டி.என்.ஏ. கட்டுகளையும், நகல் எடுத்து ஜோடி ஜோடியாக நடுவில் நிறுத்தும். இரண்டு முனைகளில் இரண்டு சென்ட்ரோசோம் உட்கார்ந்து வடத்தை நீட்டும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம் என்று இழுபட்டு, இரண்டு மகள் செல்லுக்கும் தலைக்கு 46 போய்ச் சேரும். வடம் பிடிக்க இரண்டு பக்கம்தான் இருக்க வேண்டும். மூன்று பக்கமாகவோ நான்கு பக்கமாகவோ இழுத்தால் எந்தச் செல்லுக்கு எத்தனை குரோமோசோம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றுக்கு 38 போகலாம், இன்னொன்றுக்கு 20 போகலாம்.

அதனால்தான் செல் இதில் ஒரு கண்டிப்பை வைத்திருக்கிறது. டி.என்.ஏ. நகல் ஒரு சுற்றுக்கு ஒரே தடவை. சென்ட்ரோசோம் நகலும் ஒரே தடவை. ஒரு தாய்க் குழல், அதன் பக்கத்தில் முளைக்கும் ஒரே ஒரு மகள் குழல், அவ்வளவுதான். இந்த எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பது பிஎல்கே4 என்ற ஒரு நொதி. அது கொஞ்சம் கூடினாலே ஒரு தாயைச் சுற்றி நாலைந்து மகள்கள், பூவிதழ் மாதிரி முளைத்துவிடும்.

இப்போது வைரஸ். பெயர் மனித பாப்பிலோமா வைரஸ், எச்.பி.வி. சுருக்கமாக. இருநூறுக்கும் மேற்பட்ட வகை உண்டு, அதில் 16, 18 என்ற இரண்டும்தான் உலகில் வரும் கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இதன் மொத்த டி.என்.ஏ. 8,000 எழுத்துக்குள் அடங்கிவிடும், நம்முடையது 300 கோடிக்கு மேல். அவ்வளவு சிறிய குடித்தனம். சொந்தமாக டி.என்.ஏ. நகலெடுக்கும் இயந்திரம்கூட அதனிடம் கிடையாது, செல்லின் இயந்திரத்தைத்தான் கடன் வாங்க வேண்டும். இங்கேதான் அதற்கு ஒரு சிக்கல். கருப்பை வாயின் தோலில் அடியில் இருக்கும் செல்கள்தான் பிரியும். மேலே ஏற ஏற அவை பிரிவதை நிறுத்தி, இயந்திரத்தை மூடிவிடும். வைரஸ் பெருகுவதோ மேல் அடுக்கில். பூட்டிய பட்டறைக்குள் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டிய நிலைமை.

பூட்டைத் திறக்க அது அனுப்புவதுதான் இ7 என்ற புரதம். 16-ஆம் வகையின் இ7-இல் வெறும் 98 அமினோ அமிலங்கள். நம் ரத்தத்து ஹீமோகுளோபினில் ஒரே ஒரு சங்கிலியே 140-க்கு மேல் என்பதை வைத்து இது எவ்வளவு பொடி என்று பார்த்துக்கொள். இந்தப் பொடிப் புரதம் நேராகப் போய் ஆர்பி என்ற நம்முடைய புரதத்தைப் பிடிக்கும். தேர்ச் சக்கரத்தில் முட்டுக்கட்டை போடுவார்களே, ஆர்பி செல்லுக்கு அந்த முட்டுக்கட்டை. நேரம் வரும்வரை செல்லை நகல் கட்டத்துக்குள் போகவிடாமல் அடக்கி வைத்திருக்கும். இ7 அதை உருவிப் போட்டுவிடும். தேர் ஓட ஆரம்பித்துவிடும்.

இதில் என் மனதை மிகவும் பிடித்த இடம் இதுதான்: டி.என்.ஏ. நகலைத் தொடங்கு என்ற உத்தரவும் சென்ட்ரோசோம் நகலைத் தொடங்கு என்ற உத்தரவும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. சைக்ளின்-இ, சிடிகே2 என்ற ஜோடி இரண்டையும் தட்டி எழுப்பும். வைரஸுக்கு வேண்டியது டி.என்.ஏ. நகல் மட்டும்தான். ஆனால் ஒரே சாவியில் இரண்டு கதவும் திறந்துகொள்கின்றன. போதாததற்கு இ7 இருக்கும் செல்லில் பிஎல்கே4-உம் கூடுகிறது. விளைவு, ஒரு தாய்க் குழலைச் சுற்றி ஒரே சுற்றில் பல மகள்கள். இ7 சென்ட்ரோசோம் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறது என்பதை 2000-ஆம் ஆண்டு ஸ்டெஃபான் டூன்சிங், கார்ல் மூங்கர் முதலானவர்கள் மனிதச் செல்களில் காட்டினார்கள். கூடவே இன்னொன்றும் தெரிந்தது, செல்லின் குரோமோசோம்கள் தாறுமாறாவதற்கு முன்னாலேயே சென்ட்ரோசோம் எண்ணிக்கை கூடிவிடுகிறது. அதாவது புற்றுநோய் முற்றியபின் வந்த அலங்கோலம் என்று இதை ஒதுக்க முடியாது, தொடக்கத்திலேயே இருக்கிறது.

வைரஸுக்கு இன்னொரு கூட்டாளிப் புரதமும் உண்டு, இ6. செல்லுக்குள் தப்பு நடந்தால் "நில்லு, இல்லாவிட்டால் செத்துப் போ" என்று சொல்லும் காவலாளி பி53. இ6 அந்தக் காவலாளியைப் பிடித்து அழிக்க அனுப்பிவிடும். ஒன்று முட்டுக்கட்டையை உருவ, இன்னொன்று காவலாளியைத் தூக்க.

அதே குடும்பத்தில் 6, 11 என்ற வகைகள் மருவை மட்டும் உண்டாக்கும், புற்றுநோய் வரையில் போவது மிக அபூர்வம். அவற்றின் இ7 ஆர்பியைத் தளர்வாகத்தான் பிடிக்கிறது, சென்ட்ரோசோமையும் இப்படிப் பெருக்குவதில்லை. பிடியின் இறுக்கத்தில் இருக்கும் சின்ன வித்தியாசம், ஒன்று மரு, இன்னொன்று மரணம்.

உன் கேள்விக்குப் பதில் இதில் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். சென்ட்ரோசோமை நேரில் பார்க்க ஆசை இருந்தால், மீன் கருவின் ஸ்லைடு இருக்கிறதா என்று பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறையில் கேட்கச் சொல்லு. இரண்டு முனையிலும் சூரியன் மாதிரிக் கதிர் விரித்து நிற்பதைப் பார்த்தால் மறக்கவே மாட்டாய்.

குரோமோசோம் இப்படித் தாறுமாறாகப் பிரிந்தால் செல் செத்துத்தானே போக வேண்டும்? செத்துப்போவது எப்படிப் புற்றுநோய் ஆகும்?
– கல்லூரி மாணவர், தென்காசி

அருமையான கேள்வி தம்பி. நூறு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியோடு மல்லுக்கட்டிய ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன்.

தியோடோர் போவேரி, ஜெர்மானியர். சென்ட்ரோசோம் என்ற பெயரை வைத்ததே அவர்தான். அவர் எடுத்துக்கொண்டது கடல் முள்ளெலி, நம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடலிலும் பாறை இடுக்கில் முள்ளுருண்டையாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த இனம். அதன் ஒரு முட்டைக்குள் இரண்டு விந்தணு புகும்படி செய்தார். ஒவ்வொரு விந்தணுவும் தன்னோடு ஒரு சென்ட்ரோசோம் கொண்டுவரும், அது நகலெடுத்து இரண்டாகும், அதனால் முட்டைக்குள் இரண்டுக்குப் பதில் நான்கு முனை உண்டானது. முட்டை ஒரே மூச்சில் நான்காகப் பிரிந்தது. அந்த நான்கு செல்லையும் தனித்தனியே எடுத்து வளர்த்துப் பார்த்தார். அநேகமாக எல்லாமே செத்தன, ஆனால் ஒன்றுபோல் சாகவில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கோணிக்கொண்டு செத்தன. அதிலிருந்து இரண்டு விஷயம் அவருக்குப் புரிந்தது. குரோமோசோம்கள் எல்லாம் ஒரே சரக்கு இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனி வேலை இருக்கிறது. இன்னொன்று, தப்பாகப் பங்கு போனால் பெரும்பாலான செல் சாகும், எப்போதாவது ஒன்று சாகாமல், அடங்கவும் மாட்டாமல் பெருக ஆரம்பிக்கலாம். புற்றுநோய்க் கட்டி அப்படித்தான் தொடங்குகிறது என்று 1914-இல் ஒரு சிறிய நூலே எழுதினார். அடுத்த வருஷமே இறந்துபோனார். அமெரிக்க விலங்கியல் ஆசிரியையான அவர் மனைவி மார்செல்லா 1929-இல் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அந்த அம்மா செய்த வேலையையும் சேர்த்துத்தான் நான் வகுப்பில் சொல்வேன்.

ஆகவே நீங்கள் சொல்வது சரி, மூன்று நான்கு பக்கம் இழுபட்ட செல்லில் பெரும்பாலானவை செத்துத்தான் போகின்றன. தப்பிப் பிழைப்பவை வேறு ஒரு தந்திரம் செய்கின்றன. கூடுதலாக இருக்கும் சென்ட்ரோசோம்களை இரண்டு குவியலாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தால் ஒழுங்காக இரண்டு முனை மாதிரியே பிரிந்துவிடுகின்றன. 2009-இல் அமெரிக்காவில் டேவிட் பெல்மன் குழுவினர் உயிரோடு இருக்கும் செல்களைத் தொடர்ந்து படம்பிடித்து இதைக் காட்டினார்கள். ஆனால் குவியலாகச் சேர்வதற்கு முன்பு கொஞ்ச நேரம் பல முனையாக இருந்ததல்லவா, அந்த நேரத்தில் சில குரோமோசோம்களில் இரண்டு பக்கத்து வடமும் ஒருசேர மாட்டிக்கொள்ளும். பிரியும்போது அது நடுவில் திணறி நின்று, கடைசியில் போகக்கூடாத பக்கம் போய்ச் சேரும். ஒரு பிரிவுக்கு ஒன்றோ இரண்டோ தப்பு. சாகிற அளவுக்குப் பெரிய தப்பில்லை. பி53 காவலாளியையும் இ6 ஏற்கெனவே அப்புறப்படுத்திவிட்டதால் நிறுத்துவாரும் இல்லை. இப்படியே வருஷக்கணக்கில் தப்பு சேர்ந்துகொண்டே போகும்.

அந்த 'வருஷக்கணக்கில்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே வரும் கடிதங்களுக்கு அதுதான் உயிர்.

வைரஸுக்குப் புற்றுநோயால் என்ன லாபம்?
– வாசகர், வள்ளியூர்

ஒரு லாபமும் இல்லை, நஷ்டம்தான். சாதாரணமாக வைரஸின் டி.என்.ஏ. நம்முடையதோடு கலக்காமல் தனி வளையமாக இருக்கும், அதிலுள்ள இ2 என்ற புரதம் இ6-ஐயும் இ7-ஐயும் அளவோடு வைத்திருக்கும். சில செல்லில் எப்போதாவது அந்த வளையம் உடைந்து நம் குரோமோசோமுக்குள் செருகிக்கொள்ளும். உடையும்போது இ2 கெட்டுப்போனால் இ6, இ7 இரண்டும் கடிவாளம் இல்லாமல் கொட்ட ஆரம்பிக்கும். அந்தச் செல்லிலிருந்து ஒரு புதிய வைரஸ்கூட வெளியே வர முடியாது. 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த செல்கள் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் இன்றும் வளர்கின்றன. அவற்றுக்குள் இருப்பது 18-ஆம் வகை. இத்தனை காலம் கழித்தும் அந்தச் செல்லுக்குள் இ2-வைத் திரும்பச் செலுத்தி இ6, இ7 இரண்டையும் அடக்கினால் அது பெருகுவதை நிறுத்திவிடுகிறது. நோய் இவ்வளவு முற்றிய பிறகும் அந்த இரண்டு பொடிப் புரதத்தின் தயவில்தான் நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

டீச்சர், எங்க மதினிக்கு (வயது 36) கருப்பை வாயில் சதை எடுத்து டெஸ்ட் செய்தார்கள். ரிப்போர்ட்டில் 'சிஐஎன் 2, பி16 பாசிட்டிவ்' என்று இருக்கிறது. பாசிட்டிவ் என்றதும் வீட்டில் எல்லாரும் புற்றுநோய் என்று அழுகிறார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று அண்ணன் சொல்கிறான்.
– வாசகி, கடையம்

முதலில் அழுகையை நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. சிஐஎன் 2 என்பது புற்றுநோய் இல்லை. புற்றுநோயாகக்கூடிய மாற்றம், நடுத்தரக் கட்டத்தில் இருக்கிறது, தோலின் அடுக்கைத் தாண்டிக் கீழே இறங்கவில்லை என்று அர்த்தம்.

பி16 என்ன என்று மேலே சொன்னதை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். பி16 வைரஸுடையது கிடையாது, நம்முடைய புரதம். செல் அளவுக்கு மீறி ஓடும்போது பிரேக் போட வருவது. ஆனால் அது பிரேக் போடுவது ஆர்பி என்ற முட்டுக்கட்டையின் வழியாக. இ7 முட்டுக்கட்டையையே உருவிவிட்டதால், செல் மேலும் மேலும் பி16-ஐக் கொட்டிப் பார்க்கிறது, ஒன்றும் நடப்பதில்லை. நுண்ணோக்கியின் கீழ் சாயம் போட்டால் அந்த இடம் முழுக்கப் பழுப்பாகத் தெரியும். ஆக 'பி16 பாசிட்டிவ்' என்றால் இங்கே இ7 வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது, இது நிஜமான மாற்றம்தான், வெறும் புண்ணோ அழற்சியோ இல்லை என்று அந்த நோய்க்குறியியல் டாக்டர் உறுதிசெய்கிறார். அவ்வளவுதான். சில ஸ்லைடில் அவர்கள் மூன்று முனையாகப் பிரியும் செல்லையே பார்ப்பார்கள், பென்ஸ் காரின் சின்னம் போல மூன்று கை நீட்டி நிற்கும். இத்தனை நேரம் நான் எழுதியது அங்கே கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

கர்ப்பப்பையை எடுப்பது பற்றி. இந்தக் கட்டத்தில் பொதுவாக அது தேவைப்படுவதில்லை. மாறிய இடத்தை மட்டும் சூடு வைத்து அழிப்பது, அல்லது மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் சீவி எடுப்பது, இந்த இரண்டும்தான் வழக்கம். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வார்கள், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். உங்கள் மதினிக்கு எது பொருத்தம் என்பதை அவரைப் பார்த்த மகப்பேறு மருத்துவர்தான் சொல்ல வேண்டும், உங்கள் அண்ணன் சொல்லக்கூடாது. நம் பக்கத்தில் முப்பது, முப்பத்தைந்து வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டு எலும்பு தேய்ந்து நடக்கும் பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சிகிச்சைக்குப் பிறகு மறுபரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். அதற்கு மட்டும் தவறாமல் கூட்டிக்கொண்டு போங்கள், அங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

இது உடலுறவால் வரும் வைரஸ் என்று நர்ஸம்மா சொன்னார். என் மாமியார் அன்றிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டுக்காரரும் ஒரு மாதிரிப் பார்க்கிறார். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை டீச்சர்.
– வாசகி, ஆலங்குளம்

தாயி, நீங்கள் தப்பு செய்யவில்லை. இதை உங்கள் மாமியாரும் வீட்டுக்காரரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். திருமணமான ஆண், பெண் எவருக்கும் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த வைரஸ் வந்து போவது வெகு சாதாரணம், சளி பிடிப்பது மாதிரி. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் உடம்பே அதைத் துரத்திவிடும், வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்டாலும் சொல்ல முடியாது, பத்து வருஷம் சத்தமில்லாமல் கிடந்து பிறகு தலைகாட்டவும் செய்யும். இதை வைத்து ஒரு பெண்ணின் நடத்தையை எடைபோடுவது அநியாயம். உங்கள் வீட்டுக்காரருக்கும் அது இருந்திருக்கலாம், ஆண்களுக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வினிகர் தடவிப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். வினிகரை வைத்துப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க முடியுமா? ஏமாற்று வேலையாகத் தோன்றுகிறது.
– வாசகி, மேலப்பாளையம்

ஏமாற்று வேலை இல்லை. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பார்கள். பிரிந்துகொண்டே இருக்கும் செல்லில் உட்கரு பெருத்து, புரதம் நெருக்கமாக இருக்கும். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் திரைந்து வெள்ளையாகத் தெரியும், பாலில் எலுமிச்சை பிழிந்த மாதிரி. நல்ல இடம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். இதை நிரூபித்ததே நம் திண்டுக்கல் மாவட்டத்தில்தான். டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம், பயிற்சி பெற்ற நர்ஸ்களை வைத்து ஒரே ஒரு முறை இப்படிப் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் முடிவு வெளியானது. பெரிய ஆஸ்பத்திரி இல்லை, விலை உயர்ந்த இயந்திரம் இல்லை, ஒரு விளக்கு, கொஞ்சம் அமிலம், கையில் பழக்கமுள்ள ஒரு நர்ஸம்மா.

அதற்குக் குறையும் உண்டு. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு மாற்றம் நடக்கும் இடம் உள்ளே போய்விடும், கண்ணுக்குத் தட்டாது. அவர்களுக்கு, கருப்பை வாயின் செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் அல்லது வைரஸின் டி.என்.ஏ.-வைப் பார்க்கும் டெஸ்ட் நல்லது. டி.என்.ஏ. டெஸ்ட்தான் இருப்பதிலேயே நம்பகமானது, 35 வயதுக்குள் ஒரு முறை, 45-க்குள் இன்னொரு முறையாவது இப்படிப்பட்ட நம்பகமான டெஸ்டைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் இலக்கு வைத்தது.

மகளுக்கு 12 வயது. தடுப்பூசி போட்டால் பின்னால் குழந்தை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அதில் அந்த வைரஸையேதான் ஏற்றுகிறார்களாமே?
– வாசகி, வீரவநல்லூர்

இல்லை. அதில் வைரஸின் மேல் ஓட்டுப் புரதம் மட்டும்தான் இருக்கிறது, உள்ளே டி.என்.ஏ. கிடையாது, இ6, இ7 எதுவும் கிடையாது. தேங்காயை உடைத்துப் பருப்பை எடுத்துவிட்ட வெறும் சிரட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், அது முளைக்காது. உடம்பு அந்தச் சிரட்டையைப் பார்த்து அடையாளம் பழகிக்கொள்ளும். 2006-இலிருந்து உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பெண் பிள்ளைகள் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், மலட்டுத்தன்மைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. உண்மையில் கர்ப்பப்பையைப் பறிப்பது அந்த நோய்தான். 2022-இல் இந்தியாவிலேயே செய்த செர்வாவாக் ஊசிக்கு அனுமதி கிடைத்தது, 6, 11, 16, 18 நான்கையும் தடுக்கும். வைரஸ் வருவதற்கு முன்னால் போட வேண்டும், ஏற்கெனவே வந்துவிட்டதை அது துரத்தாது. 12 வயது சரியான வயது, தள்ளிப்போடாதீர்கள்.

டீச்சர், என் பெயரும் ஊரும் போட வேண்டாம். வயது 54. மாதவிலக்கு நின்று நாலு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு மாதத்தில் மூன்று தடவை ரத்தம் பட்டது. வலி இல்லை. சூடாக இருக்கும் என்று மோர் குடிக்கிறேன். மகளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அக்கா, உங்கள் கடிதத்தை முதலில் வைத்திருக்க வேண்டும். மற்றவர்களுக்குச் சொன்னது புரிந்த பிறகு இதைப் படித்தால் வேகம் புரியும் என்றுதான் கடைசியில் வைத்தேன்.

எங்கள் சித்தி முக்கூடலில் இருந்தார்கள். பீடி சுற்றி மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். நின்றுபோன தீட்டு திரும்ப வருகிறது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். வலி இல்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து இடுப்பு வலி தாங்காமல் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, கருப்பை வாயைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டது. நான் அப்போது கல்லூரியில் பிள்ளைகளுக்கு செல் பிரிவு நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்த ஒருத்தியிடம் கேட்கத் தோன்றவில்லை. வைரஸ் நுழைந்ததிலிருந்து புற்றுநோய் ஆகும்வரை பெரும்பாலும் 15, 20 வருஷம் ஆகும். எங்கள் சித்திக்கு அந்த இருபது வருஷத்தில் ஏதாவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாராவது ஒரு நர்ஸம்மா பார்த்திருந்தால் போதும். இந்தியாவில் வருஷத்துக்கு 75,000-க்கு மேற்பட்ட பெண்கள் இந்த நோயில் போகிறார்கள், ஒவ்வொருத்திக்கும் அந்த இருபது வருஷம் இருந்தது.

உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் படுவதற்கு வேறு காரணமும் நிறைய உண்டு, பலவும் எளிதில் சரியாகக்கூடியவை. ஆனால் மோர் அதற்கு மருந்து இல்லை, வலி இல்லை என்பதும் ஆறுதல் இல்லை. இந்த வாரத்துக்குள் போங்கள். அரசு மருத்துவமனையில் மகப்பேறு வெளிநோயாளர் பிரிவில் சீட்டுப் போட்டு, "மாதவிலக்கு நின்று நாலு வருஷம், இப்போது மூன்று தடவை ரத்தம் பட்டது" என்று அப்படியே சொல்லுங்கள், அதற்கு மேல் விளக்க வேண்டாம், அவர்களுக்குப் புரியும். கருப்பை வாயையும் பார்ப்பார்கள், ஸ்கேனும் எடுப்பார்கள். சாப்பிட்டுவிட்டே போகலாம், துணைக்கு ஒரு ஆள் இருந்தால் நல்லது. மகளிடம் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவள் கையில் கொடுங்கள். பார்த்துவிட்டு வந்து எனக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள், காத்திருப்பேன்.